ஒரே ஜிசெல், மூன்று பெண்கள்: பாலே நாயகிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

நம்ம பக்கம் ஊர் நோம்பியில் உடுக்கையடித்து அண்ணமார் கதை பாடும்போது, பொன்னரும் சங்கரும் சாகப்போவது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், தங்காள் அண்ணன்மாரைத் தேடி வரும் இடத்தை ஒருவர் பாடினால் பெண்கள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொள்கிறார்கள். அதே வரியை இன்னொருவர் பாடும்போது டீ குடிக்க எழுந்து போகிறார்கள். ஐரோப்பிய மேடை நடனமான பாலேயில் ‘ஜிசெல்’ அப்படிப்பட்ட கதை. 1841 ஜூன் 28 அன்று பாரிஸில் கார்லோட்டா கிரிசி முதன்முதலில் ஆடியதிலிருந்து இன்றுவரை, பெரிய நாயகிகள் எல்லோரும் இந்த வேடத்தில்தான் எடை போடப்படுகிறார்கள்.

கதை சின்னது. இதயம் பலவீனமான ஒரு கிராமத்துப் பெண். அவளைக் காதலிப்பவன் ஆல்பிரெக்ட், ஏழை வேடத்தில் வந்த பிரபு. அவனுக்கு ஏற்கெனவே வேறொருத்தியோடு நிச்சயம் ஆகியிருக்கிறது. அது தெரிந்ததும் ஜிசெல் சித்தம் கலங்கிச் சாகிறாள். இரண்டாம் அங்கத்தில் ஆவியாக வந்து, அவனைச் சாகும்வரை ஆடவைக்க நினைக்கும் மற்ற ஆவிகளிடமிருந்து காப்பாற்றுகிறாள். இசை அடோல்ஃப் ஆதாம்.

எந்தப் பதிவுகளை எடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வெவ்வேறு குழுக்களின் பதிவுகளை அடுத்தடுத்து வைத்தால், நடன அமைப்பின் வித்தியாசத்தை ஆடுபவளின் வித்தியாசமாக எடுத்துக்கொள்வோம். சில தயாரிப்புகளில் அவள் இதயம் நின்று சாகிறாள், சிலவற்றில் ஆல்பிரெக்ட்டின் வாளால் தன்னையே குத்திக்கொள்கிறாள். இரண்டுக்கும் உடம்பு வேறு மாதிரி விழும். அதனால் லண்டன் ராயல் பாலே குழுவுக்காகப் பீட்டர் ரைட் அமைத்த தயாரிப்பில் வந்த மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 2006இல் அலினா கொஜொகாரு, 2014இல் நட்டாலியா ஓசிபோவா, 2016இல் மரியானெலா நூனியெஸ். மேடையும் அடவும் ஒன்று, சாவும் ஒன்று. மிச்சம் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தப் பெண்ணுடையது.

கோவையிலோ ஈரோட்டிலோ இதை மேடையில் பார்க்க வாய்ப்பு அரிது, டிவியில்தான் பார்க்கப்போகிறோம். 43 அங்குலத் திரை என்றால் பத்தடி தள்ளி உட்காருங்கள். கிட்டே உட்கார்ந்தால் முகத்தையே பார்ப்போம். பரதம் கற்றவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம், கண்ணும் புருவமும் எங்கே போகிறது என்றுதான் தேடுவார்கள். பாலே பெரிய அரங்குக்கு வளர்ந்த கலை. கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவேண்டிய துக்கம் கழுத்திலும் முதுகிலும் தோளிலும் இருக்கும். கேமரா முகத்தருகே போகும் இடங்களைக் குறித்துவைத்து, அந்த நொடிகளை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். அங்கே பாதி வேலையைச் செய்வது கேமரா. ஒலிக்கு ஹெட்போன் வேண்டும், காரணம் பின்னால் வரும்.

முழுப் பதிவையும் ஒருமுறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை, மூன்று பேரின் ஒரே காட்சியை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதலில் எடுக்க வேண்டியது பூ இதழ் காட்சி. பலரும் நேராகச் சித்தம் கலங்கும் காட்சிக்குப் போய்விடுகிறார்கள், அது தப்பு. அங்கே அழவைக்கும் சரக்கு இந்தச் சின்னக் காட்சியில்தான் சேமிக்கப்படுகிறது.

ஜிசெல் ஒரு பூவைப் பறித்து, ‘காதலிக்கிறான், காதலிக்கவில்லை’ என்று இதழ் இதழாக எடுக்கிறாள். பாதியிலேயே மீதியைக் கண்ணால் எண்ணி, ‘இல்லை’ என்று முடியப்போவதைத் தெரிந்துகொள்கிறாள். ஆல்பிரெக்ட் ஓர் இதழை ரகசியமாகக் கிள்ளி எறிந்துவிட்டு, ‘பார், ஆமாம்’ என்று காட்டுகிறான். இங்கே மூன்று விஷயங்களைக் காகிதத்தில் எழுதுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும் அசைவு தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறதா? எண்ணும்போது அவள் பார்வை பூவிலா, அவனிடமா? விடை தெரிந்த நொடியில் கை முதலில் நிற்கிறதா, மூச்சு முதலில் நிற்கிறதா? மூச்சைத் தோள்பட்டையிலும் மாரெலும்பின் மேலும் பார்க்கலாம். கை நின்ற பிறகு மூச்சு நின்றால் நடிப்பு தெரியும். மூச்சு முந்தினால் நமக்கும் நெஞ்சு பிடிக்கும்.

இப்போது முதல் அங்கத்தின் கடைசிக்கு, சித்தம் கலங்கும் காட்சிக்குப் போங்கள். கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது, கையில் பூ இல்லை. வெறுங்கையால் அதே இதழ்களைக் கிள்ளுகிறாள். ஆதாம் அந்தப் பழைய மெட்டையே திரும்பக் கொண்டுவருகிறார், ஆனால் மெலிந்து, விட்டுவிட்டு. முதல் காட்சியில் விரல்களைத் தெளிவாகக் காட்டியவள் இங்கே ஜெயிக்கிறாள். அங்கே அவசரமாக முடித்தவள் எவ்வளவு தலையை உலுக்கினாலும், தரையில் எவ்வளவு புரண்டாலும், பார்ப்பவர் மனசு பழைய காட்சிக்குத் திரும்பாது. சோதிக்க எளிய வழி: ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு இந்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள். இசை இல்லாமல் அந்தக் கை மட்டும் பழைய பூவை நினைவூட்டினால் அது அவள் செய்தது. ஒன்றுமே நடக்காவிட்டால், இதுவரை உங்களை உருக்கியது ஆதாம்.

எங்கள் கணக்கில் கொஜொகாரு இந்த இடத்தில் முன்னே நிற்கிறார். சின்ன உருவம், குழந்தைபோலப் பூவை நம்பியவள். நம்பிக்கை உடையும்போது சத்தமே இல்லை. ஓசிபோவாவின் கலக்கம் உக்கிரமானது. வாளின் நுனியைப் பிடித்துத் தரையில் இழுக்கும்போது சுற்றி நிற்பவர்கள் பின்வாங்குவதற்கு நிஜமான காரணம் இருக்கிறது. நூனியெஸ் முதல் பாதி முழுக்கச் சிரிப்பும் வெதுவெதுப்புமாக ஆடுவதால், அந்த வெளிச்சம் அணைவதுதான் வலி. மூன்றையும் ஒரே அளவுகோலில் மார்க் போட முடியாது. ஒவ்வொருத்தியும் எங்கே முதலீடு செய்தாள், எங்கே எடுத்தாள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் அங்கத்தில் ஒற்றைக்கால் விரல் நுனியில் குறுக்கே தத்திப் போகும் தனி ஆட்டம் உண்டு. கைதட்டல் அங்கே வரும். அதைத் திறமைக் கணக்கில் வையுங்கள், உருக்கத்தின் கணக்கில் வேண்டாம்.

இரண்டாம் அங்கத்துக்குத்தான் ஹெட்போன். ஆவிக்கு எடை இல்லை, ஆனால் விரல் நுனி ஷூவின் முனை கெட்டியானது. தாவி இறங்கும்போது ‘டொக்’ என்று கேட்டால், கண் நம்பியதைக் காது கெடுத்துவிடும். நல்ல நாயகிகள் ஷூவை முன்கூட்டியே அடித்தும் வளைத்தும் இளக்கி, விரல், பாதம், குதிகால் என்று படிப்படியாக இறங்குவார்கள். கல்லறையிலிருந்து வந்ததும் ஆவிகளின் ராணி மிர்த்தாவின் கட்டளைப்படி ஒற்றைக்காலில் தத்திச் சுழலும் இடத்தைக் கண்மூடி ஒருமுறை கேளுங்கள். பிறகு கண்திறந்து, கடைசிச் சுற்றை மட்டும் பாருங்கள். அவளாக நிறுத்தினாளா, யாரோ விட்டதால் நின்றாளா? ஓசிபோவாவின் வேகம் இங்கே வெறும் சாகசமாகத் தோன்றாததற்குக் காரணம், தன் உடம்பு தன் வசம் இல்லாத மாதிரி அவர் சுழல்வதுதான்.

வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியமான வயோலா தனியாக ஒலிக்கும் மெதுவான ஜோடி ஆட்டத்தில் காலின் உயரத்தை விடுங்கள். கால் உயரும் நேரம் முழுதும் கழுத்து இளகியிருக்கிறதா என்று பாருங்கள். கழுத்து விறைத்தால் அவள் சமநிலையைப் பற்றி யோசிக்கிறாள், காதலனைப் பற்றி அல்ல. நூனியெஸ் இங்கே தனித்து நிற்கிறார். அவர் கால் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று சொல்வது கடினம். பெரும்பாலான நேரம் ஜிசெலின் பார்வை ஆல்பிரெக்ட்டை ஊடுருவி அப்பால் போகும். அவனை நேராகப் பார்க்கும் முதல் கணத்தின் நேரத்தை மூன்று பேருக்கும் குறியுங்கள். ஒப்பீட்டில் அதிகம் சொல்லும் எண் அதுதான்.

பழைய பதிவுகளையும் பார்க்கலாம், ஆனால் தனியாக. ஓல்கா ஸ்பெசிவ்த்சேவாவின் சித்தக் கலக்கக் காட்சி 1932 லண்டன் மௌனப் படமாகத் துண்டு துண்டாக இருக்கிறது. மௌனப் படத்தில் வேகத்தை நம்ப முடியாது, நொடிக் கணக்கு செல்லாது. அவர் பின்னாளில் இருபது ஆண்டுகள் மனநல மருத்துவமனையில் இருந்தவர். அது தெரிந்து பார்த்தால் நம் கண்ணே கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். கலீனா உலனோவாவை லண்டனில் 1956இல் படமெடுத்தபோது அவருக்கு வயது 46. கிட்டே பார்த்தால் வயது தெரியும், பத்தடி தள்ளிப் பார்த்தால் அவர் ஓடும் ஓட்டத்தில் பெண் மட்டும் தெரிவாள். கார்லா ஃப்ராச்சி நடித்த 1969 படம் சினிமாபோல் வெட்டி ஒட்டியது. அதில் முகத்தைத் தாராளமாகப் படிக்கலாம்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு வரிசையைத் தலைகீழாக்கி நூனியெஸ், ஓசிபோவா, கொஜொகாரு என்று பாருங்கள். கடைசியில் பார்த்தவள்தான் மனசில் நிற்பாள் என்பதால் முதல் சுற்றுக் குறிப்பில் ஒரு சாய்வு இருக்கும். ஆல்பிரெக்ட்டையும் இந்தச் சுற்றில் கவனியுங்கள். கொஜொகாருவுக்கு யோஹான் கோபோர்க், ஓசிபோவாவுக்குக் கார்லோஸ் அகோஸ்டா, நூனியெஸுக்கு வாதிம் முன்டகிரோவ். அவள் வெறுங்கையால் இதழ் கிள்ளும்போது அவன் எங்கே பார்க்கிறான் என்பதைப் பொறுத்து, உங்கள் மூன்று குறிப்புகளில் ஒன்றாவது மாறும்.