ரத்தம் எடுப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிடம்: கொடையாளரைப் பரிசோதிப்பது எப்படி?

ரத்ததான முகாமில் வேலை பழக வருபவர்களின் கண் முதலில் போவது படுக்கைப் பக்கமும் ஊசிப் பக்கமும்தான். வாசலருகே இருக்கும் மேசையில் உட்காரச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். "வெறும் படிவம் நிரப்புற வேலையா?" என்பார்கள். இந்தப் பதிவு அந்த மேசைக்காரர்களுக்கு. ரத்தம் கொடுப்பவருக்கும் கேடு வரக்கூடாது, அதை ஏற்றிக்கொள்ளும் நோயாளிக்கும் கேடு வரக்கூடாது. இரண்டையும் முதலில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

எண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வயது, எடை, நாள் இடைவெளி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே இருப்பவை பரவலாக வழக்கில் உள்ளவை. உங்கள் ரத்த மையத்தின் கையேடு வேறு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கேள்வி எதற்கு? அதுதான் சோதனை இருக்கிறதே!

எல்லோரும் கேட்பது இது. ஒருவர் உடலில் எச்.ஐ.வி நுழைந்த மறுநாளே எந்தச் சோதனையிலும் அது தெரியாது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில் பிடிபட ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை இந்த இடைவெளியைச் சுமார் பத்து நாளாகச் சுருக்குகிறது, அவ்வளவுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான எதிர்ப்பொருள் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம். இந்த இடைப்பட்ட நாள்களை 'விண்டோ பீரியட்' என்பார்கள். அப்போது எடுத்த ரத்தம் சோதனையில் சுத்தமாகத் தெரியும், ஆனால் நோயைப் பரப்பும். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமியாவது குளிர்பெட்டியில் சில நாளில் செத்துவிடும். வைரஸ்கள் அப்படியில்லை. ஒரு பையைச் சிவப்பணு, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு), பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) என்று பிரித்தால் மூன்று நோயாளிகளுக்குப் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பழைய கதை. கொடையாளர்களின் ரத்தத்தில் எச்.ஐ.வியைத் தேடும் சோதனை வந்தது 1985-ல். ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-ல்தான். அதற்கு முன் 'ஏயும் இல்லை, பியும் இல்லை' என்றுதான் அந்தக் காமாலைக்குப் பெயர். பெயரே இல்லாத கிருமிக்கு எங்கிருந்து சோதனை வரும்? யாரிடம் எடுக்கிறோம் என்று பார்ப்பதுதான் அன்று கையில் இருந்த முக்கிய வழி. விண்டோ பீரியட் நாள்களில் இன்றும் அதே நிலைமைதான்.

படி 1: உட்கார வைப்பது

பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை. பழைய பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு ரத்தம் எடுக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவரா, கடைசியாக எப்போது கொடுத்தார் என்பது அதில் தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடைவெளி ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம்.

அடுத்து, தனிமை. ஒரு திரையோ இரண்டு தடுப்புப் பலகையோ போதும். நான் பழகிய புதிதில், கூட்டம் அதிகம் என்று ஒன்றாக வந்த மூன்று நண்பர்களை ஒன்றாகவே உட்கார வைத்துக் கேட்டேன். மூவரும் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒருவர் மட்டும் தனியாகத் திரும்பி வந்து, "சார், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். அவர் நல்லவர், வந்தார். வராமல் போயிருந்தால்? அதற்குப் பிறகு வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒருவர் ஒருவராகத்தான் கூப்பிடுகிறேன்.

படி 2: கேட்பது

நேரத்தை இங்கே செலவழியுங்கள். நம் பேச்சில் ஒரு பழக்கம் உண்டு: "நோய் எதுவும் இல்லையே?" என்போம். அந்த 'இல்லையே'யிலேயே விடையைக் கொடுத்துவிட்டோம். அவரும் தலையாட்டிவிடுவார். "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றாலும் "இல்லை"தான் வரும், ஏனென்றால் தலைவலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. "கடைசியாக எப்போது மாத்திரை போட்டீர்கள்? எதற்கு?" என்று கேளுங்கள். கதை வெளியே வரும்.

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் தெரிந்தால் கேட்பது எளிது. ஆஸ்பிரின் போட்டவரிடம் முழு ரத்தம் எடுக்கலாம். ஆனால் அது பிளேட்லெட்டுகளின் வேலையைக் கெடுக்கும் என்பதால் அந்தப் பையிலிருந்து பிளேட்லெட் பிரிப்பதில்லை. ஆன்டிபயாடிக் என்றால் நம் கவலை அந்த மாத்திரை அல்ல, அதைச் சாப்பிட வைத்த தொற்று. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். ஆகவே நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும்.

பல் பிடுங்கியதையும் கேட்கிறோமே, எதற்கு? பிடுங்கும்போது வாயிலுள்ள பாக்டீரியா சிறிது நேரம் ரத்தத்தில் கலக்கும். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்கிறோம், அங்கே பெரும்பாலான பாக்டீரியா பெருகாது. பிளேட்லெட்டுகளையோ 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, நாள்கணக்கில் வைக்கிறோம். கிருமிக்கு அது மாமியார் வீட்டு விருந்து.

பச்சை குத்தியது, காது மூக்கு குத்தியது, காய்ச்சல், மலேரியா உள்ள இடத்துக்குப் பயணம், மஞ்சள் காமாலை, அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றிக்கொண்டது, தடுப்பூசி, பெண்களிடம் பிரசவமும் தாய்ப்பால் கொடுப்பதும்: எல்லாம் கேட்டு, தேதியோடு எழுதுங்கள். 'போன வருடம்' என்று எழுதிவைத்தால் காத்திருப்பு நாள்களைக் கணக்கிட முடியாது.

சங்கடமான பகுதி பாலுறவும் போதை ஊசியும். முணுமுணுத்துக் கேட்டால் முணுமுணுப்பாகத்தான் பதில் வரும். ஆளைப் பார்த்து, "இவரிடம் போய்க் கேட்பதா?" என்று தாண்டவும் கூடாது. வெள்ளை வேட்டிக்காரருக்கும் கல்லூரிப் பையனுக்கும் ஒரே கேள்வி, ஒரே குரல். முன்னுரையாக நான் சொல்வது: "இதை எல்லாரிடமும் கேட்கிறோம். புதிதாக வந்த தொற்று சோதனையில் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்." அதிர்ச்சியோ அறிவுரையோ முகத்தில் தெரிய வேண்டாம்.

தனக்கு எச்.ஐ.வி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே ரத்தம் கொடுக்க வருபவரும் உண்டு. விண்டோ பீரியடில் இருக்க அதிக வாய்ப்புள்ளவர் அவர்தான். ரகசியம் காக்கும் பரிசோதனை மையத்துக்கு வழி சொல்லி அனுப்புங்கள், ரத்தம் எடுக்க வேண்டாம்.

படி 3: உடலைப் பார்ப்பது

இது சீக்கிரம் முடியும். எடை 45 அல்லது 50 கிலோவுக்குக் குறையாமல் (எடுக்கும் பையின் அளவைப் பொறுத்து), நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். இரண்டு முழங்கை மடிப்பையும் பாருங்கள். புண்ணோ சொறியோ இருக்கும் இடத்தில் ஊசி போடக்கூடாது. ஊசித் தழும்பு வரிசையாக இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 4: ஹீமோகுளோபின்

சிறு கருவி இருந்தால் நல்லது. இல்லாத இடங்களில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். அடர்த்தி 1.053 உள்ள நீலக் கரைசலில் ரத்தத்துளி 15 நொடிக்குள் மூழ்கினால் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 12.5 கிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று பொருள். நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். விரலைப் பிழியாதீர்கள்: திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும், நல்ல கொடையாளரைத் திருப்பி அனுப்புவீர்கள். துளிக்குள் காற்றுக்குமிழி இருந்தாலும் மிதக்கும்.

படி 5: "இன்று வேண்டாம்" என்பது

'தகுதியில்லை' என்ற சொல்லைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். ஆசையாக வந்தவரைப் பரீட்சையில் தோற்றவராக அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார், அல்லது அடுத்த முறை பொய் சொல்வார். இரண்டாவதுதான் ஆபத்து. காரணத்தையும் எப்போது திரும்பி வரலாம் என்ற தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: எடுத்த பிறகு

சரி, ரத்தம் எடுத்தாயிற்று. (முதலில் வரும் 30 மில்லி அளவு ரத்தம் சிறு துணைப்பைக்குப் போகும். ஊசியோடு வந்த தோல் கிருமிகள் அதில் தங்கிவிடும், சோதனைக் குழாய்களையும் அதிலிருந்தே நிரப்பலாம்.) பை, குழாய், படிவம் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று கொடையாளர் படுக்கையில் இருக்கும்போதே சரிபாருங்கள். ஆய்வகத்தில் ரத்த வகையோடு, எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் நான்கும் கட்டாயம். சில இடங்களில் மலேரியாவும் உண்டு. ஏதாவது ஒன்றில் ஐயம் வந்தாலும் அந்தப் பை நோயாளிக்குப் போகாது.

கிளம்பும்போது ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்துச் சொல்லுங்கள்: "அடுத்த சில நாளில் காய்ச்சல் வந்தாலோ, சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தாலோ, என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னால் போதும். காரணம் கேட்கமாட்டோம்." அப்படி அழைப்பு வந்தால் உண்மையிலேயே காரணம் கேட்காதீர்கள். பை எண்ணைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டு, உடனே ரத்தப் பைகளை வைத்திருக்கும் கிடங்குக்குச் சொல்லுங்கள். பிரித்த மூன்று பைகளையும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஒன்று ஏற்கெனவே வெளியே போயிருந்தால் முதலில் அந்த மருத்துவமனைக்குத்தான் போன் போக வேண்டும்.