இதயநோய், வளர்சிதை மாற்ற ஆய்வில் போஸ்ட்டாக்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஆய்வகங்களுக்கு இதயநோய், வளர்சிதை மாற்றம் ஆகிய துறைகளில் போஸ்ட்டாக் பயிற்சிக்கு, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சிக்கு, வருபவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இன்றும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். குறிப்பேட்டில் தேதி போடாதது, தரவுகளுக்குப் பிரதி எடுக்காதது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொழுப்புத் தீவனத்துக்கு ஒப்பீடாகச் சாதாரணத் தீவனத்தை வைப்பது

சுண்டெலிகளுக்கு உடற்பருமனையும் இன்சுலின் எதிர்ப்பையும் வரவழைக்க, மொத்தக் கலோரியில் 60 விழுக்காடு கொழுப்பிலிருந்து கிடைக்கும் தீவனத்தை 12 முதல் 16 வாரங்கள் கொடுப்பது வழக்கம். பெரும்பாலான ஆய்வகங்கள் வாங்குவது டி12492 என்ற எண் கொண்ட, விரலில் எண்ணெய் ஒட்டும் நீல நிற உருண்டைகளை. ஒப்பீட்டுக் குழுவுக்கோ, விலங்குக்கூடத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கும் சாதாரணத் தீவனமே போய்ச் சேருகிறது. அதற்குத் தனிச் செலவில்லை, ஆர்டர் போட வேண்டியதில்லை, முன்பு வந்த கட்டுரைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பவையே நான் கேட்கும் காரணங்கள்.

இரண்டு தீவனங்களுக்கும் கொழுப்பில் மட்டுமே வேறுபாடு என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. கொழுப்புத் தீவனம் கேசீன், சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, செல்லுலோஸ் என்று பிரித்தெடுத்த பொருள்களை அளந்து சேர்த்துச் செய்தது. சாதாரணத் தீவனம் கோதுமை, மக்காச்சோளம், சோயா போன்றவற்றை அரைத்துச் செய்தது. அதில் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும் நார்ச்சத்து ஏராளம், சோயாவிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் போன்ற சேர்மங்களும் உண்டு, அதன் சேர்மானம் தொகுதிக்குத் தொகுதி மாறவும் செய்யும். ஆகவே இரண்டு குழுக்களுக்கும் இடையே கொழுப்பு, நார்ச்சத்து, புரதத்தின் மூலம், சர்க்கரை என எல்லாமே ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன. கிடைக்கும் முடிவை இவற்றில் எதன் கணக்கில் எழுதுவது?

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளர், கொழுப்புத் தீவனம் தின்ற எலிகளின் குடலில், நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குறைந்திருப்பதைக் கண்டு, இதயச் செயல்பாடு சரிவதற்கு அதுவே காரணம் என்று ஒரு முழுக் கட்டுரையை எழுதி முடித்தார். உண்மையில், எலியின் வயிற்றைத் திறந்ததுமே வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: சாதாரணத் தீவனம் தின்றவற்றின் குருட்டுக்குடல் பருத்து நிறைந்திருந்தது, மற்றவற்றில் அது சுருங்கிக் கிடந்தது. அந்தச் சுருக்கம் நொதிக்கும் நார்ச்சத்து இல்லாததால் வருவது. குறைந்த கொழுப்புள்ள சுத்திகரித்த தீவனத்தைக் கொடுத்தாலும் அப்படியேதான் இருக்கும். கட்டுரையை மதிப்பிட்டவர் ஒப்பீட்டுத் தீவனம் எது என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார். எலிகளை மறுபடி பெருக்கி, வளர்த்து, வாரக்கணக்கில் தீவனம் கொடுத்து, எல்லா அளவீடுகளையும் முதலிலிருந்து எடுக்க அரை ஆண்டுக்கு மேல் போயிற்று. கட்டுரையின் மையக் கருத்து அதில் நிற்கவில்லை. திறமையானவர் ஒருவரின் உழைப்பு ஒரு மூட்டைத் தீவனத்தின் விலைக்காக வீணானதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. அவருடைய வழிகாட்டியும் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்.

டி12492-க்குச் சர்க்கரை அளவிலும் பொருந்தும் இணை டி12450ஜே. டி12450பி-யும் குறைந்த கொழுப்புத் தீவனம்தான், ஆனால் அதில் சர்க்கரை பல மடங்கு அதிகம்; எண்ணின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். சாதாரணத் தீவனக் குழுவையும் வைத்துக்கொள்ள விரும்பினால், அது மூன்றாவது குழுவாக இருக்கட்டும்.

கிரீ எலிகளுக்குத் தனி ஒப்பீட்டுக் குழு வைக்காதது

இதயத் தசையில் மட்டும் ஒரு மரபணுவை நீக்க மெர்கிரீமெர் எலிகளைப் பயன்படுத்துவார்கள்; டமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்ததும், டிஎன்ஏ-வை வெட்டும் கிரீ என்ற புரதம் அவற்றின் இதயத் தசையில் வேலையைத் தொடங்கும். ஆனால் டமாக்சிஃபென் கொடுத்தவுடன் அந்தக் கிரீ புரதமே இதயத்தைத் தற்காலிகமாக நலிவடையச் செய்யக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நீக்க வேண்டிய மரபணு இயல்பாக உள்ள, ஆனால் கிரீ உள்ள எலிகளுக்கும் அதே அளவு டமாக்சிஃபென் கொடுத்துப் பார்க்காதவரை, தெரியும் பாதிப்பு உங்கள் மரபணுவால் வந்தது என்று சொல்ல முடியாது.

குளுக்கோஸ் சோதனைக்கு இரவு முழுவதும் பட்டினி போடுவது

சுண்டெலி பெரும்பாலும் இரவில்தான் உண்ணும்; ஆகவே இரவுப் பட்டினி அதற்கு மிக நீண்ட பட்டினியாகிவிடும். காலையில் தீவனத்தை எடுத்து, 6 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள்.

6ஜே, 6என் எலிகளைக் கலப்பது

6ஜே, 6என் இரண்டும் சி57பிஎல்/6 என்ற ஆய்வக எலி வகையின் கிளைகள். சி57பிஎல்/6ஜே எலிகளில், மைட்டோகாண்ட்ரியாவின் நொதி ஒன்றுக்கான என்என்டி மரபணு குறைபட்டது. 6என் எலிகளில் அந்தக் குறை இல்லை. இன்சுலின் சுரப்பு மாறும். கலக்கவே கூடாது.

எக்கோ படத்துடன் இதயத் துடிப்பைக் குறிக்காதது

எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்ட் படம் எடுக்க எலிக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது, மயக்கம் ஆழமானால் துடிப்பு குறையும். துடிப்பு குறைந்தால் நல்ல இதயமும் நோயுற்றதாகத் தெரியும்.

நிதியின் விதிகளைப் பிந்திப் படிப்பது

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் டி32 பயிற்சி நிதி, குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஜே-1 விசாவில் வருபவர்கள் இதைத் தெரியாமல் முதல் ஆண்டைக் காத்திருந்து கழிக்கிறார்கள். அவர்கள் அமெரிக்க இதயச் சங்கத்தின் போஸ்ட்டாக் நிதிக்கும், போஸ்ட்டாக்குகள் சொந்த ஆய்வகம் தொடங்க உதவும், குடியுரிமை கேட்காத கே99 விருதுக்கும் விண்ணப்பிக்கலாம். கே99-க்கு விண்ணப்பிக்கும்போது போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது நெடுநாள் விதி. முதல் விண்ணப்பம் திரும்பி வந்தால் திருத்தி அனுப்பவும் அதற்குள் காலம் வேண்டும் என்பதால், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முதல் வரைவு வழிகாட்டியின் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.