தீபாவளிச் சண்டை: மக்கள்தொகையைப் பற்றி வீட்டில் பேசுவது எப்படி

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுத் தீபாவளி இட்லி ஆறுவதற்குள், இங்கே மக்கள்தொகை கூடுவதையும் வெளிநாட்டவர் வருவதையும் பற்றிய பேச்சு வந்துவிடும். இங்கேயே பிறந்த என் அண்ணன் ஒரு பக்கம். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசியான என் மருமகன் மறுபக்கம். ஒரு வருடம் இருவருமே பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்கள். அதற்கப்புறம் நான் பழகிக்கொண்ட வழி இது.

முதலில், எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேளுங்கள். அண்ணன் சொல்லும் 6.9 மில்லியன், 2013 ஜனவரியில் வந்த அரசாங்கத்தின் மக்கள்தொகை வெள்ளை அறிக்கையில் உள்ளது. 2030க்குள் 6.5 முதல் 6.9 மில்லியன் வரை ஆகலாம் என்று வைத்து வீடு, ரயில் எல்லாம் திட்டமிடச் சொன்னார்கள். அதை இலக்கு என்று புரிந்துகொண்டுதான் பலர் கொதித்தார்கள். அடுத்த மாதமே ஹாங் லிம் பூங்காவில் பெரிய எதிர்ப்புக் கூட்டம் கூடியது.

அப்புறம் இட்லியைக் காட்டுங்கள். 2024 நடுவில் மக்கள்தொகை 6.04 மில்லியன். ஆறு இட்லி என்று வைத்துக்கொள்ளலாம். குடிமக்கள் மூன்றரைக்குச் சற்று மேல். நிரந்தரவாசிகள் அரை. மீதி, ஏறக்குறைய இரண்டு இட்லி, இங்கே வேலைக்கும் படிப்புக்கும் வந்திருப்பவர்களும், அவர்களில் சிலரின் குடும்பத்தாரும். அதற்குள் கட்டுமான ஊழியரும் இருக்கிறார், பணிப்பெண்ணும் இருக்கிறார், வங்கி அதிகாரியும் இருக்கிறார். கட்டுமான ஊழியர், பணிப்பெண் போன்றோருக்கான வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. எல்லோரையும் 'வந்தவர்கள்' என்று ஒரே தட்டில் வைத்தால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும்.

ஒரு சொல்லைக் கண்டிப்பாக மேசைக்கு வரவிடாதீர்கள். இந்தியர்களை இழிவாகச் சிலர் சொல்லும் 'சீக்கா' (CECA) என்பது 2005ல் இந்தியாவோடு கையெழுத்தான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம், மனிதருக்குப் பெயர் இல்லை. ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் என்னையே அப்படி அழைத்தார். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

சரி, கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இதற்கு நேரம் கொடுங்கள். அண்ணனுக்கு 54 வயதில் ஆட்குறைப்பில் வேலை போனது. அவர் பேசியதெல்லாம் அந்த வலிதான். மருமகன் அதைக் குறுக்கிடாமல் கேட்டது ஒரே ஒரு முறைதான், அன்றைக்குத்தான் பேச்சு நகர்ந்தது. அப்புறம் விதியைப் பற்றிப் பேசலாம். வெளிநாட்டு நிபுணர்கள், அதிகாரிகளுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறை இருக்கிறது. சம்பளம், படிப்போடு, நிறுவனத்தில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர், ஒரே நாட்டுக்காரர்களே நிறைந்திருக்கிறார்களா என்பதும் அதில் கணக்கு. "இந்த விதி போதுமா?" என்று இருவரும் சேர்ந்து வாதாடலாம். ஆளைத் திட்ட வேண்டியதில்லை.

குழந்தைப் பேச்சு வந்தால் மெதுவாகப் போங்கள். 1970களில் 'இரண்டு போதும்' என்று பிரசாரம் நடந்தது. நாங்கள் இரண்டே பேர் ஆனது அதனால்தான் என்பார் அம்மா. 1987ல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்றார்கள். 2024ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை. இந்த எண்ணைச் சொல்லும்போது கல்யாணமான பெண்களின் முகத்தைப் பார்க்காதீர்கள். என் மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போன தீபாவளிக்கு இருவரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். கருத்து ஒத்துப்போகவில்லை. அண்ணன் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும் நாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைத் தட்டச்சு செய்து கொடுத்தது மருமகன்.