மெஷின் பக்கத்தில் நின்று எழுதுங்கள்

மெஷினுக்கு வழிகாட்டி, பாதுகாப்பு அறிவிப்பு, ஆபீஸ் மெயில் இதெல்லாம் எழுதுகிற வேலையில் கற்பனைக்கு என்ன இடம் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். நிறைய இடம் இருக்கிறது. நம் தாளைக் கையில் வாங்குகிறவர் எங்கே நிற்கிறார், என்ன அவசரத்தில் இருக்கிறார் என்று எழுதும்போதே மனதில் பார்க்கிறோமே, கற்பனை வேலை செய்வது அங்கேதான்.

சேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு, அரவை மெஷினைச் சுத்தம் செய்யும் முறையை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போய்ச் சுவரில் ஒட்டிவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போனபோது, அங்கே வேலை செய்யும் ஒரு அம்மா சொன்னார்: "கையெல்லாம் மாவு கண்ணு, கண்ணாடியத் தேடிப் போட்டு ரெண்டு பக்கத்த எப்பப் படிக்கறது?" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்று ஒரு மணி நேரம் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றேன். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கையில் என்ன இருக்கிறது, எத்தனை அடி தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று பார்த்த பிறகு இரண்டு பக்கம் நாலு வரியானது. பெரிய எழுத்தில், சுவிட்சுக்கு மேலேயே ஒட்டினோம். நீங்களும் எழுத உட்காரும் முன் போய் நில்லுங்கள், போக முடியாவிட்டால் போனிலாவது கேளுங்கள்.

நிற்கும்போது காதையும் திறந்து வையுங்கள். ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கை அரைத்து வடிகட்டினால் வரும் வெள்ளைத் தண்ணீரை ஆலையில் 'பால்' என்பார்கள், நான் 'மாவுச்சத்துக் கரைசல்' என்று எழுதியிருந்தேன். அவர்கள் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த சொல்லைக் கடைசி வரை மாற்றவும் வேண்டாம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று பள்ளிக்கூடக் கட்டுரைக்குச் சொல்லிக் கொடுத்தது இங்கே ஆபத்து, ஒரு வரியில் 'தொட்டி', அடுத்த வரியில் 'கலன்' என்றால் இரண்டும் வேறு வேறு சாமான் என்றுதான் நினைப்பார்கள்.

அப்புறம் வரிசை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். "மூடியைத் திறக்கவும், ஆனால் அதற்கு முன் சுவிட்ச் அணைக்கப்பட்டிருப்பதை உறுதி செய்யவும்" என்று இங்கிலீஷ் மேனுவலைப் பார்த்து எழுதிவிடுகிறோம். 'அதற்கு முன்' என்பதைப் படிக்கும்போது கை ஏற்கெனவே மூடிமேல் இருக்கும். தமிழில் வினை கடைசியில் வருவது நமக்குப் பெரிய வசதி: "சுவிட்சை அணைத்து, மெஷின் முழுதாக நின்ற பிறகு, மூடியைத் திறக்கவும்." முதலில் செய்ய வேண்டியது முதலில் வந்துவிட்டது. இயல்பான தமிழில் எழுதினாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடுகிறது என்பது என் அனுபவம். 'பின்பற்றப்பட வேண்டும்' மாதிரி வினைகளையும் விட்டுவிடுங்கள், யார் பின்பற்றணும் என்றே அதில் தெரியாது.

காரணத்தையும் அரை வரி சேர்த்து எழுதுங்கள். ஏற்காட்டு மலையிலிருந்து வண்டி இறக்குகிறவரிடம் "கியரைக் குறைத்து இறங்கவும்" என்று மட்டும் சொன்னால் தலையாட்டுவார். "பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், கியரைக் குறைத்து இறங்குங்கள்" என்றால் கட்டாயம் செய்வார்.

எண் கொடுத்தால் முழு அளவையும் கொடுங்கள். மேட்டூர் அணையில் 100 அடி தண்ணீர் என்றால் சேலத்துக்காரருக்கு விளக்கம் வேண்டியதில்லை, முழு நீர்மட்டம் 120 அடி என்பது மனதில் இருக்கிறது. ஏற்காடு ஏறும் வழியில் 13-வது வளைவில் வண்டி நின்றுவிட்டது என்று போன் வந்தாலும் அப்படியே, மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு என்று தெரியும் என்பதால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று புரிந்துவிடும். உங்கள் மெயிலைப் படிக்கிற மேனேஜருக்கு அந்த 120-ம் 20-ம் தெரியாது. "வேலை 60 சதவீதம் முடிந்தது" என்பதற்குப் பதில் "30 மெஷினில் 18 முடிந்தது, மீதி 12 வெள்ளிக்கிழமைக்குள்" என்று எழுதினால் திரும்பக் கேள்வி வராது.

எழுதி முடித்ததும் அந்த வேலையைச் செய்கிறவர் கையிலேயே கொடுத்து, படித்துப் படித்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, இது கஷ்டம்தான். கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா என் நாலு வரியில் மூன்றாவதில் நின்று, "எந்த மூடி?" என்றார். மெஷினில் இரண்டு மூடி இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டு, வரியில் 'சிவப்பு மூடி' என்று மாற்றினேன்.