டீசல் ஹைலக்ஸில் பெற்றோல் எஞ்சின்: வழியில் நின்ற கதை

என்ர பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில 2.4 லீற்றர் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின் (டொயோட்டாவின்ர 3ஆர்இசட் ரகம்) ஏத்தினன். மவுண்டு, வயரிங் எல்லாம் ஒரு கிழமையில முடிஞ்சுது. அதுக்குப் பிறகுதான் தலையிடி. மட்டக்களப்பில இருந்து கல்முனைக்குப் போனா, களுவாஞ்சிகுடி தாண்டேக்க இழுவை குறைஞ்சு நிண்டுபோகும். அரை மணித்தியாலம் ஆறவிட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகும்.

கொயில், பிளக், பில்டர், கடைசியா டாங்கியில இருந்து பெற்றோல் இழுக்கிற பம்பும் புதுசா மாத்தினம். ஒண்டும் சரிவரயில்ல. நாலு நாள் போச்சு.

பிறகுதான் கவனிச்சன்: டாங்கி நிரம்பியிருந்தா நிக்கிறதில்ல, பாதிக்குக் கீழ போனாத்தான் நிக்குது. பம்புக்கு முன்னால கண்ணாடி மாதிரித் தெரியிற ஹோஸ் ஒரு துண்டு போட்டுப் பாத்தன். சூடானதும் உள்ளுக்க வரிசையாக் குமிழி.

பம்பை வெளியில, டாங்கியை விட உயரமா, சைலன்சர் குழாய்க்குக் கிட்டப் பூட்டியிருந்தம். டீசலை உறிஞ்சி எடுக்கலாம், அது லேசில ஆவியாகாது. பெற்றோலைச் சூட்டில உறிஞ்சினா வழியிலேயே ஆவியாகிடும். போதாக்குறைக்கு, டாங்கிக்குள்ள இருந்த பழைய உறிஞ்சு குழாயின் அடிவலையில கறுப்புப் பிசின் அப்பிக்கிடந்துது. குழாயைக் கழற்றாம அது கண்ணில படாது.

டாங்கியை இறக்கிக் கழுவி, நல்லாக் காத்தாட விட்டு, பம்பை உள்ளுக்கயே இறக்கினம். இப்ப கால்வாசி டாங்கியோட அம்பாறை வரை நிக்காம ஓடுது.