உளுந்துக்கு ரைசோபியம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தரும் பாக்டீரியாதான் ரைசோபியம்; விதையோடு கலந்து விதைப்போம். கடையில் உர மூட்டையோடு அதன் பொட்டலங்களையும் வாங்கி, வண்டியில் ஒன்றாகப் போட்டு, உச்சி வெயிலில் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. 200 கிராம் பொட்டலத்தில் கண்ணுக்குத் தெரியும் கறுப்புத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிப் பொடிதான். அதில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். வெயிலில் வாட்டினால் தூள் அப்படியே இருக்கும், பாக்டீரியா செத்திருக்கும். பார்த்தெல்லாம் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வாங்கும்போது காலாவதித் தேதியோடு பயிரின் பெயரையும் பாருங்கள். இந்த பாக்டீரியா வேரில் சிறு முடிச்சு போட்டு அதற்குள் குடியிருந்துதான் வேலை செய்யும். சோயா மொச்சைக்கான பாக்டீரியா கொண்டைக்கடலை வேரில் முடிச்சு போடாது. வேர் கசியவிடும் பொருள்களை வைத்து பாக்டீரியா செடியை அடையாளம் காண்கிறது, செடியும் பதிலுக்கு அதை அடையாளம் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது.

அப்புறம், தூளை விதையில் ஒட்டவைக்கும் கஞ்சி. முதல் தடவை விதை நேர்த்தி செய்தபோது, அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியிலேயே பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கியவன் நான். பாக்டீரியாவை வேகவைத்து விதைத்திருக்கிறேன்! அரிசிக் கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். பூஞ்சாணக் கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம். பிறகு நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். நிலக்கடலைக்குச் செய்வதானால், பருப்பை அழுத்திப் பிசைந்தால் தோல் உரிந்துவிடும், மெல்லப் புரட்டினால் போதும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, பயிர் கொஞ்சம் வெளுத்தவுடன் யூரியாவை அள்ளி வீசுவது இருக்கிறதே, அதுதான் பெரிய தவறு. பாக்டீரியா சும்மா வேலை செய்வதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை உடைக்க எக்கச்சக்கமான ஆற்றல் வேண்டும், அதற்கான சர்க்கரையைச் செடிதான் தருகிறது. மண்ணிலேயே தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தாராளமாகக் கிடைத்தால் செடி எதற்காக இன்னொருவருக்குச் சோறு போடும்? முடிச்சுகள் குறையும், இருப்பவையும் மந்தமாகும். ஆனால் தழைச்சத்தே கூடாது என்பதும் சரியல்ல. முளைத்து முடிச்சு வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று வாரமாகும், அதுவரை கைச்செலவுக்குக் கொஞ்சம் வேண்டும். ஏக்கருக்கு ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ டிஏபியை அடியுரமாக இட்டால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. கூடவே வரும் 23 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ் சத்து) முடிச்சு உருவாகவும் உதவும்.

வேலை நடக்கிறதா என்று பார்க்கப் பலர் செடியைப் பிடித்து இழுக்கிறார்கள். முடிச்செல்லாம் மண்ணோடு அறுந்துபோய், கையில் வெறும் வேர்தான் வரும். முப்பது முப்பத்தைந்து நாள் பயிரில் நாலைந்து செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. அந்த நிறம் நம் ரத்தச் சிவப்புக்குச் சொந்தக்கார நிறம். ஆக்சிஜன் அதிகமானால் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி கெட்டுவிடும் என்பதால், லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜனைப் பிடித்து அளவாக விடுகிறது. உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் முதிரவில்லை அல்லது உதவாதது. பச்சையானால் அதன் காலம் முடிந்துவிட்டது.

வேரில் புடைப்பு இருந்தாலே முடிச்சு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். நூற்புழு தாக்கினாலும் வேர் வீங்கும். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் கழன்றுவிடும். நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்திருக்கும், கழற்ற முடியாது.

தண்ணீர் தேங்கவிடக் கூடாது. முடிச்சும் மூச்சு விட வேண்டும்.

“உளுந்து போட்ட வயலுக்கு அடுத்த போகத்தில் உரமே வேண்டாம்” என்பார்கள். ஆனால் செடி சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதி பருப்பில் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. செடியை வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து, மிஞ்சும் தோலையும் சருகையும் மாட்டுக்குப் போட்டால் வயலில் மிஞ்சுவது உதிர்ந்த இலைகளும் அறுந்த வேர்களும்தான். மண்ணுக்கென்றே தழைச்சத்து வேண்டுமானால் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழ வேண்டும். உளுந்திலும் பிடுங்குவதற்குப் பதில் அரிவாளால் அறுத்தால் வேராவது வயலில் நிற்கும்.