உப்புக்காற்றில் கிடந்த ரோட்மாஸ்டர்

ஹொண்டா சிடி 200 ரோட்மாஸ்டர் நெடுந்தூரம் போவதற்கு ஏற்ற இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அகன்ற இருக்கை, நிமிர்ந்து உட்காரவைக்கும் கைப்பிடி. திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக் கொட்டிலில் கிடந்ததை வாங்கி, 1960களில் இலண்டன் இளைஞர்கள் ஓட்டிய கஃபே ரேசர் பாணிக்கு, அதாவது தாழ்ந்த கைப்பிடியும் ஒற்றை இருக்கையும் கொண்ட வேக வண்டியாக மாற்றினேன்.

கைப்பிடியைத் தாழ்த்துவதும் ஒற்றை இருக்கை வைப்பதும் வெல்டிங் கடையில் விரைவாக முடிந்தன. கடலோர ஊர் அல்லவா, பெற்றோல் டாங்கிக்குள் துரு அப்பிக் கிடந்தது. வினாகிரியை நிரப்பி ஊறவைத்து, சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்தினேன். ஈரத்தோடு விட்டால் மறுபடியும் துரு பிடித்துவிடும்.

உண்மையான போராட்டம் பிறகுதான். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போட்டதும், நிற்கும்போது சீராக இயங்கிய எஞ்சின் நிலாவெளி வீதியில் வேகமெடுக்கையில் திணறியது. எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். முனைகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. காற்று கூடிவிட்டது, பெற்றோல் போதவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரில், பெற்றோல் பாயும் துளையான மெயின் ஜெட்டைப் படிப்படியாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பார்த்தேன். முனை இளம்பழுப்புக்கு வந்ததும் திணறல் நின்றது.

கைப்பிடியைத் தாழ்த்துபவர்கள் எஞ்சினை இயக்கியபடி அதை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் கூடினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் வீதியில் இறங்காதீர்கள்.